இருநூறு பேர் வரைக்கும் வீடு

போன வார அத்தியாயத்தில், ரயில் ஓட்டும் மகளைக் குளியலறை வாசலில் மயங்கிக் கிடந்தபடியே விட்டுவிட்டு வந்தோம். பயப்படாதீர்கள், எழுந்துவிட்டாள். டாக்டரிடமும் போய்வந்தாள். டாக்டர் ஒரு வாளி ரத்தம் எடுத்தார், ஊரில் உள்ள ஒயர்களையெல்லாம் நெஞ்சில் ஒட்டிப் பார்த்தார், ரிசல்ட் வரும்வரை ரயில் பக்கமே போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அவளும் லீவு போட்டுவிட்டு வீட்டில்தான் இருக்கிறாள்.

அவள் விழுந்தது பெரிதில்லை. விழுந்த கையோடு அவள் அப்பா செய்த காரியம்தான் பெரிது.

அப்பாவை ஊரே பிரேக் மாமா என்றுதான் கூப்பிடும். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனிப் பிரேக்கை மிதித்து மிதித்தே மகளைப் படிக்க வைத்தவர். அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருக்காது. யாராவது டம்ளரைக் கொஞ்சம் வேகமாக நீட்டினால் மேசைக்கு அடியில் மிதிக்கும். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபா சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

அப்பேர்ப்பட்டவருக்கு வாயில் மட்டும் பிரேக் பொருத்த மறந்துவிட்டார்கள். மகள் விழுந்த அன்று, பதற்றத்தில், 'ரத்த பந்தம்' என்கிற குடும்பக் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டார். பொண்ணு மயங்கி விழுந்துட்டா, போன மாசமே ஒரு தடவை தலை சுத்தினதாம், ரயில் ஓட்டுறவ, நல்ல டாக்டர் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க என்று அழுகையும் விக்கலுமாக.

குழுவில் இருநூற்று மூன்று பேர். ஒருவர்கூட டாக்டர் இல்லை. வைத்தியம் சொல்லாதவரும் ஒருவர்கூட இல்லை. வெறும் வயிற்றில் ஓடச் சொன்னவர் ஒருவர், ஆயுசுக்கும் ஓடவே கூடாது என்றவர் ஒருவர், கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னவர்கள் ஒரு பட்டாளம்.

மகள் கண் விழித்துக் கேட்டதும் அதை உடனே அழிக்கச் சொன்னாள். அவரும் அழித்தார். தன் போனில் மட்டும். ஆக, உலகத்தில் அந்தச் செய்தியைக் கேட்க முடியாத ஒரே மனிதர் அதைப் பேசினவர்தான். எல்லோர் போனிலிருந்தும் அழிக்க வேறு பொத்தான் உண்டு என்று தெரிந்துகொண்டபோது அதற்கான அவகாசம் தாண்டிவிட்டது.

ரயில் கம்பெனியின் விதி ரொம்பக் கறார். உடம்பில் ஏதாவது என்றால் ஓட்டுநர் தானாக வந்து சொல்ல வேண்டும். சொன்னால் ரயிலிலிருந்து இறக்கி வேறு வேலை கொடுப்பார்கள். சொல்லாமல் இருந்து, வேறு வழியில் தெரியவந்தால் மறைத்ததாக எடுத்துக்கொண்டு வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தொலைந்த பொருள் அறையில். பயணிகள் மறந்துவிட்டுப்போன குடை, ஒற்றைச் செருப்பு, உடைந்த கண்ணாடி இவற்றுக்கு நடுவில். அந்த அறைக்குள் போன ஓட்டுநர் யாரும் மறுபடி ரயில் ஏறி அவள் பார்த்ததில்லை. குடையையாவது சொந்தக்காரர் தேடி வருவார். அதனால் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே போய்ச் சொல்லலாம் என்று காத்திருந்தாள்.

இன்று காலை காத்திருக்க முடியாதபடி ஒன்று நடந்தது. குழுவின் தலைமேல் மஞ்சளாக ஒரு பட்டை முளைத்திருந்தது.

'உங்கள் குழுவில் இருநூறு பேருக்கு மேல் உள்ளனர். இன்று மாலை ஆறு மணி முதல் இது பொதுவெளியாகக் கருதப்படும்.'

அப்பா அதை மூன்று தடவை படித்தார். ஒவ்வொரு தடவையும் மேசைக்கு அடியில் கால் மிதித்தது.

விளக்கியது அம்மா. அவள் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். நோயாளிகள் அலறுவதற்கு நடுவே பேப்பரை விளம்பரம் உட்படப் படித்து முடிக்கிற பழக்கம். சமூக வலைத்தளங்களுக்கு அரசாங்கம் போட்ட புதுச் சட்டத்தை அவள் அளவுக்கு அரசாங்கமே படித்திருக்காது.

அவள் சொன்னதன் சாரம் இதுதான். இருநூறு பேர் வரைக்கும் இருக்கிற குழு, வீடு. அதில் பேசினதை வைத்து எந்த முதலாளியும் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. அதை வெளியே எடுத்துப் போட்டால் போட்டவருக்குத் தண்டனை. இருநூறைத் தாண்டினால் வீதி. வீதியில் பேசினதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இன்று ஆறு மணிக்கு எத்தனை பேர் இருக்கிறார்களோ அதை வைத்துப் பழைய பேச்சுக்கும் சேர்த்து முடிவாகும்.

"மூணு பேரைத் தூக்கிட்டா வீடு. அவ்வளவுதாங்க. உங்களால முடியும்," என்றாள் அம்மா. குரலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து நாட்டில் குடும்பங்கள் கிடுகிடுத்துத்தான் போயிருந்தன. பின் தெருவில் ஒரு வீட்டில் இருநூற்றொன்றாவது ஆள் யார் என்று சீட்டுக் குலுக்கிப் போட, மாப்பிள்ளை பெயர் வந்து, அவர் கோபித்துக்கொண்டு மனைவியை விட்டுவிட்டு டிவியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டதாகக் கேள்வி.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். முதலில் குழாய்க்காரர். என்றோ சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர், எண்ணைச் சேமிக்கும்போது கை தவறி ரத்த பந்தம் ஆகிவிட்டவர். நீக்கின மறு நிமிஷம் போன் வந்தது.

"சார், நான் என்ன தப்பு பண்ணேன்?"

தப்பு ஒன்றும் இல்லை, இது சொந்தக்காரர்கள் குழு என்று அப்பா இழுத்தார்.

"அஞ்சு வருஷமா அதுல தினமும் காலை வணக்கம் போடற ஒரே ஆள் நான்தான் சார். உங்க சொந்தக்காரங்க ஒருத்தர் போட்டிருப்பாங்களா?"

உண்மைதான். அப்பா மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மறுபடி சேர்த்துவிட்டார்.

அடுத்து, தூரத்துச் சொந்தத்தில் விவாகரத்தாகிப் போன ஒரு முன்னாள் மாப்பிள்ளை. அவரும் கூப்பிட்டார். விவாகரத்து உங்கள் குடும்பத்துப் பெண்ணோடுதானே மாமா, உங்களோடு இல்லையே என்று கேட்டார். அவரும் உள்ளே வந்தார்.

மூன்றாவது, காலமான சித்தப்பா. அவர் போன வருஷமே போய்விட்டார், எண் மட்டும் குழுவில் இருக்கிறது. போனைச் சித்தி வைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவின் விரல் அந்தப் பெயருக்கு மேல் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இதற்குள் யாரோ ஒரு புண்ணியவான், புது மருமகளின் உடன்பிறந்தவர்களைக் கூண்டோடு சேர்த்துவிட்டார். இருநூற்றெட்டு.

பத்து மணி வாக்கில் ஆபீஸ் மாப்பிள்ளை கூப்பிட்டார். அப்பாவின் அக்கா மகளைக் கட்டியவர். ரயில் கம்பெனியிலேயே ஊழியர் பிரிவில் இருப்பவர். குழுவிலும் இருப்பவர். மாடிப்படிக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி குரல்.

"மாமா, ஆறு மணி வரைக்கும் நான் அதைக் கேக்கவே இல்ல. ஆறுக்கு மேல அது வீதி. வீதியில கேட்டதை எழுதிக் குடுக்கலைன்னா என் வேலை போயிடும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க மாமா."

பேச்சு முழுவதையும் மகள் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.  ரொட்டியின் ஓரங்களைப் பிய்த்துத் தட்டில் தண்டவாளம் மாதிரி இரண்டு வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனார்.

அம்மா அதற்கு முன்பே கிளினிக்குக்குப் போய்விட்டிருந்தாள். அந்த மேசையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஊரில் யாருடைய சிரிப்பு சொந்தச் சிரிப்பு, யாருடையது இரவில் டம்ளரில் போட்டு வைக்கிற சிரிப்பு என்று அவளுக்குத் தெரியும். கட்டிய கணவனிடம்கூட ஒரு பல்லைப் பற்றிச் சொன்னதில்லை. வங்கி லாக்கருக்குத் திருடர் பயம் உண்டு, அம்மாவின் வாய்க்கு அதுவும் கிடையாது.

தன் வீட்டு விஷயம் மூன்றாம் நாளாக இருநூறு காதுகளில் ஓடிக்கொண்டிருப்பதை நினைத்தால் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கணவர் மூன்று பேரை நீக்குவதற்குள் விடிந்துவிடும் என்றும் தெரியும். நோயாளிகள் இல்லாத நேரம் பார்த்து, சட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆணையத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள்.

உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு முக்கியம், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று முதலில் ஒரு குரல் பாடியது. பிறகு ஒரு பெண் வந்தாள். யாருக்கு உடம்பு சரியில்லை, என்ன வியாதி, எங்கே வேலை, முதலாளி பெயர் என்ன என்று வரிசையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் வெளிய தெரியக்கூடாதுன்னுதாம்மா கூப்பிட்டேன்," என்றாள் அம்மா.

விவரம் இல்லாமல் புகாரை எடுக்க முடியாதாம். அப்படியானால் ஆணையத்தின் பக்கத்துக்குப் போய், அந்தச் செய்தியை ஆதாரமாக அங்கே போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த அழைப்புக்குப் போய்விட்டாள்.

அம்மா தேடிப்போனாள். பக்கத்தின் உச்சியில் கதவளவு பூட்டின் படம் போட்டிருந்தது. அம்மாவுக்கு அந்தப் பூட்டைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது. குரல் செய்தியை எடுத்து அதில் இணைத்தாள். கீழே, 'இதை வேறு யாரும் கேட்காதபடி காப்பாற்றித் தரவும்' என்று பிழையில்லாமல் எழுதினாள். அனுப்பினாள்.

கடைவாய்ப் பல் வலியோடு ஒருவர் உள்ளே வந்தார். மூன்று நாளில் முதல் தடவையாக அம்மா சிரித்த முகத்தோடு உட்காரச் சொன்னாள். செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற வழக்கம்தான் இல்லையே.

அக்கா சலவைக்கடை வைத்திருக்கிறாள். கடைக்குள் எந்நேரமும் ஆவி. அந்த ஆவிக்கு நடுவிலிருந்து அவள் குரல் வந்தால் குடும்பத்தில் நாற்பது பேர் எழுந்து நிற்பார்கள், நாற்பது பேர் உட்காருவார்கள், மிச்சப் பேர் எழுவதா உட்காருவதா என்று அவளிடமே கேட்பார்கள்.

அப்பா நுழைந்ததும் அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை.

"வாடா தம்பி. ஊர் முழுக்கச் சொல்லிட்டு என்கிட்ட மட்டும் நேர்ல வந்திருக்க."

சொன்னது குழுவில்தான், அதில் அவளும் இருக்கிறாள் என்று அப்பா முணுமுணுத்தார். பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். குழாய்க்காரர், மாப்பிள்ளை, ஆறு மணி, குடைகள் அறை. சொல்லிக்கொண்டே போகும்போது அவர் கால் சலவைக்கடைத் தரையை ஓயாமல் மிதித்தது.

அக்கா ஒரு சட்டையின் காலரை முடித்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்றா?"

அப்பாவின் கால் மிதிப்பதை நிறுத்தியது. அவளிடம் யாருமே கேட்கவில்லை. மூன்று நாளாக அவளைப் பற்றி இருநூறு பேர் பேசியிருக்கிறார்கள்.

அக்கா போனை எடுத்து, குழுவில் ஒரே ஒரு வரி பேசினாள். என் கண்ணில் படாமல் ஆறு மணிக்குள் பத்துப் பதினைந்து பேர் வெளியே போயிருக்க வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்டவன் அடுத்த தடவை அழுக்குச் சட்டையோடு திரியட்டும்.

குழு கலகலவென்று உதிர்ந்தது. இருநூற்றெட்டு, இருநூற்று நான்கு, நூற்றுத் தொண்ணூற்றொன்பது. குழாய்க்காரரே முதலில் வெளியேறினார், வணக்கம் வைத்துவிட்டு. அப்பா அந்த எண்ணைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீடு, வீடு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். 

அந்தத் தெம்பில் நாலரை மணி வகுப்புக்குப் போனார்.

அன்றைய மாணவி பேக்கரிக்காரம்மா. அவர் கையில் கார் ஒரு தெருவைக் கடந்தால் அந்தத் தெரு நாய்கள் ஒரு வாரத்துக்கு வெளியே வராது. சிவப்பு விளக்கில் நிறுத்தியதும் அந்தம்மா போனை எடுத்தார். ஆணையத்தின் பக்கத்தைத் தினமும் பார்ப்பாராம், தன் கேக்கைப் பற்றி எவனோ கண்டபடி எழுதினதற்குப் புகார் கொடுத்திருக்கிறாராம்.

"இன்னைக்கு ஒண்ணு வந்திருக்கு மாஸ்டர், பாவமா இருக்கு. எல்லாரும் அதைத்தான் பேசிக்கறாங்க," என்று தட்டினார்.

காருக்குள் பிரேக் மாமாவின் குரல் கேட்டது. பொண்ணு மயங்கி விழுந்துட்டா. போன மாசமே தலை சுத்தினதாம். ரயில் ஓட்டுறவ.

பேக்கரிக்காரம்மா போனைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

நின்றுகொண்டிருந்த காரில் அப்பா பிரேக்கை அழுத்தின அழுத்தலில் பெடல் கழன்று வராததுதான் ஆச்சரியம். பச்சை விழுந்தது. பின்னால் இருந்த அத்தனை வண்டிகளும் ஹாரன் அடித்தன. அவர் அந்தம்மாவை இறங்கச் சொல்லவும் தோன்றாமல், தான் இறங்கி, சுற்றிவந்து, ஓட்டுநர் கதவைத் திறந்து நின்றார்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. வாசலிலேயே மகளிடம் சொல்லிவிட்டார். குழு வீடாகத்தான் இருக்கிறது, ஆனால் எவனோ துரோகி அதை வெளியே எடுத்து ஊர் நடுவில் போட்டுவிட்டான். யாரென்று மட்டும் தெரியட்டும், கோர்ட்டுக்கு இழுக்கிறேன், ஜெயிலுக்கு அனுப்புகிறேன், எந்தச் சொந்தமானாலும் சரி.

மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி விழப்போகிறாளோ என்று அவர் கையை நீட்டினார். அவள் விழவில்லை. உள்ளே போய்ச் சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"பணிமனைக்குப் போகலாம்பா. அவங்க காதுக்கு வேற யாராவது கொண்டுபோறதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன்."

"ரிசல்ட் வரலையேம்மா."

"வரல. அதையும் சொல்லிடறேன்."

தலையில் 'எல்' போர்டு மாட்டிய கார், ஊரில் யாரும் பார்த்திராத வேகத்தில் பணிமனைக்குப் போனது. வழிநெடுக அப்பா அந்தத் துரோகியைப் பிடித்து, விசாரித்து, தண்டித்து, மேல்முறையீட்டிலும் தோற்கடித்தார். மகள் ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கண்காணிப்பாளர் அறைக்குக் கண்ணாடிச் சுவர். அப்பா வெளியே காரில் இருந்தார். உள்ளே மகள் நின்றுகொண்டு பேசுவது தெரிந்தது. மேசையில் போன் மினுங்கிக்கொண்டே இருந்தது. கண்காணிப்பாளர் அம்மாள் அதை எடுக்கவில்லை, கவிழ்த்து வைத்தார். நாற்காலியைக் காட்டினார். மகள் உட்கார்ந்தாள். பிறகு அவர் ஏதோ திரையைத் திருப்பிக் காட்ட, மகள் குனிந்து பார்த்தாள். அப்படியே இருந்தாள்.

வெளியே வந்தபோது சட்டையில் ஓட்டுநர்களுக்கான சக்கரச் சின்னம் இல்லை. காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"நாளைலேர்ந்து குடை எண்ணப் போறேன்," என்றாள். "தானா வந்து சொன்னதால வேலை இருக்கு. ரிசல்ட் நல்லா வந்தா மறுபடி பார்க்கலாம்னாங்க. பார்ப்பாங்களான்னு தெரியல."

அப்பா அவள் தலையில் கையை வைத்தார். அவள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"யார் வெளிய போட்டதுன்னும் காட்டினாங்கப்பா."

"யாரு? சொல்லு. இன்னைக்கே..."

"அம்மா."

அப்பா சிரித்துவிட்டார். ரயிலே தடம் மாறி வீட்டுக் கூடத்துக்கு வந்தது என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார். மகள் தன் போனை நீட்டினாள். பூட்டுப் படம். அதற்குக் கீழே அம்மாவின் பெயர், அம்மாவின் சிரித்த முகம், 'இதை வேறு யாரும் கேட்காதபடி காப்பாற்றித் தரவும்'. அதற்குக் கீழே அதைக் கேட்டவர்களின் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. புகார் கொடுக்கிற இடம் வேறு. இது ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிற சுவர்.

சிரிப்பு அவர் முகத்திலேயே உறைந்துபோனது.

கண்காணிப்பாளர் சொன்னதை மகள் மெதுவாகச் சொன்னாள். வீட்டுப் பேச்சை வெளியே போட்டது குற்றம். யாரும் புகார் கொடுக்க வேண்டியதில்லை, ஆணையம் தானே எடுத்துக்கொள்ளும். மாட்டினவர்கள் அப்புறம் ஆஸ்பத்திரி, கிளினிக் எதிலும் வேலை பார்க்க முடியாது.

அப்பா கார் ஜன்னல் வழியாகப் பணிமனைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஆறுக்கு இன்னும் சில நிமிஷங்கள். திடீரென்று அவர் முகம் மாறியது. குழுவைத் திறந்தார். நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

"ஏழு பேரைச் சேர்த்துட்டா வீதிம்மா. வீதியில கிடந்ததை எடுத்துப் போட்டா அது குற்றமே இல்ல. நீதான் சொல்லிட்டியே, உனக்கு இனிமே அதால என்ன? ஏழு பேர். ஒரு நிமிஷ வேலை."

காலையிலிருந்து மூன்று பேரை வெளியே அனுப்ப முடியாமல் தவித்த விரல், இப்போது பெயர்களை மளமளவென்று தேர்ந்தெடுத்தது. பேக்கரிக்காரம்மாகூட அதில் இருந்தார்.

மகள் திரையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"சித்தி எழுதினது எல்லாம் அதுலதான்பா இருக்கு."

அப்பாவுக்குப் புரிந்தது. சித்தப்பா போன பிறகு பல மாதம், தூக்கம் வராத இரவுகளில், அவர் எண்ணிலிருந்தே சித்தி குழுவில் எழுதிக்கொண்டிருந்தாள். அவரிடம் கேட்க மறந்தவை, அவர்மேல் இருந்த கோபங்கள். யாரும் பதில் போட்டதில்லை. யாரும் அதைப் பற்றி அவளிடம் பேசினதும் இல்லை. அந்த முன்னாள் மாப்பிள்ளை ஒரு நாள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டதும் அங்கேதான் இருக்கிறது. எவனெவன் பிள்ளை எதில் தோற்றான், யார் வீட்டில் யார் பேசுவதில்லை, அத்தனையும்.

"அதெல்லாம் வீதிக்கு வந்துடும்பா. அவங்களை யாரும் கேக்கல."

"அப்போ உங்கம்மா?"

"என் விஷயம்தானே வெளிய போச்சு. எனக்கு அம்மாமேல கோவம் இல்லைன்னு ஆணையத்துல போய் நிக்கறேன்."

"கேப்பாங்களா?"

"தெரியலப்பா."

அவள் கையை எடுத்தாள். அப்பாவின் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. அவர் மனைவியின் இருபது வருஷ மேசையை நினைத்தார். சித்தியை நினைத்தார். தேர்ந்தெடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, போனை மடியில் போட்டுக்கொண்டார்.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் பட்டை மறைந்தது. பச்சையாக வேறொன்று வந்தது. 'இந்தக் குழு தனிவெளி. இங்கே பேசப்படுவது பாதுகாக்கப்படும்.'

உடனே போன் அடித்தது. அம்மா. அப்பா மகளைப் பார்த்தார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னங்க, பார்த்தீங்களா? பச்சை வந்துடுச்சு. நூத்தித் தொண்ணூத்தி நாலு. நான் சொன்னேன்ல, உங்களால முடியும்னு." மூன்று நாளாகக் கேட்காத குரல். பின்னால் பல் குடையும் மெஷின் சத்தம். "பாப்பா பக்கத்துல இருக்காளா? இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லுங்க. நானும் என் பங்குக்கு ஒண்ணு பண்ணியிருக்கேன், வீட்டுக்கு வந்து சொல்றேன்."

அப்பா வாயைத் திறந்தார். ஊரில் எதையும் ஒரு நிமிஷம்கூட உள்ளே வைத்திருக்கத் தெரியாத வாய். மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிம்மா," என்றார். அவ்வளவுதான் வந்தது.

"ஏன் உங்க குரல் ஒரு மாதிரி இருக்கு? இருங்க, ஒரு நிமிஷம்." அம்மாவின் போனில் ஏதோ வந்து விழும் சத்தம் இங்கேயும் கேட்டது. "ஆணையத்துலேர்ந்துங்க. அதுக்குள்ள பதில் போட்டுட்டாங்க பாருங்க. நன்றி சொல்லியிருப்பாங்க. கண்ணாடி எங்க வச்சேன்... இருங்க, படிச்சுச் சொல்றேன்."